சில்லிடாத குழாய்

நோல்ஃபா வேகாவைப் போல ஒரு சந்தேகப் பிராணியை எங்கள் கரையில் தேடிப் பிடிக்க முடியாது. ரொட்டி வாங்கினால் அடியைத் திருப்பிப் பார்ப்பாள். சொந்தத் தம்பி கொடுத்த மீனாக இருந்தாலும் செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் அது சட்டிக்குப் போகும். பாதிரியார் கொடுத்த அப்பத்தை முகர்ந்துவிட்டுத்தான் வாயில் போட்டாள் என்று ஒரு பேச்சு உண்டு. கேட்டால், "அப்பத்த யாரு முகந்தா, ஒயினத்தான் முகந்தேன்" என்பாள்.

ஆனால் அவள் செய்த வேலைக்கு அந்தக் குணம்தான் கைகொடுத்தது. எங்கள் ஊரான எல் ரூசியோவில் பாதிப் பேருக்கு லோக்கோதான் பிழைப்பு. உள்ளங்கை அகலத்துக்குக் கடலடிப் பாறையில் ஒட்டிக் கிடக்கும் நத்தை அது. அதன் சதைக்குத் தலைநகரில் அடிதடி. அதை எடுக்கப் போகிற குளியாள் வாயில் ஒரு குழாயின் முனையைக் கடித்துக்கொண்டு இறங்குவான். குழாயின் மறுமுனை படகில் தடதடக்கும் கம்ப்ரெஸரில் இருக்கும். நடுவில் அந்தக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நிற்க வேண்டும். நோல்ஃபா தன் புருஷன் நிபால்தோவுக்குக் குழாய் பிடித்தாள். கல்யாணமான மறு வருஷம் பிடித்தது, மகள் பிறந்தபோது கொஞ்ச நாள் விட்டது, அதன்பின் விடவே இல்லை.

குழாய் பிடிப்பவர் எதையும் நம்பக் கூடாது. கம்ப்ரெஸர் நன்றாக ஓடுவது போலக் கேட்டாலும் காதை அதன்மேலேயே வைத்திருக்க வேண்டும். பக்கத்துப் படகின் புகை நம் காற்றில் கலந்துவிடுமோ என்று மூக்கை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குழாய் மடங்கினால், பாறையில் உரசினால், யாராவது காலால் மிதித்தால், கீழே ஒரு மனிதனின் கதை முடிந்தது. நோல்ஃபா படகில் நிற்கும்போது அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தாலும் பதில் வராது.

கீழே நடப்பதெல்லாம் அவள் கைகளுக்குத் தெரியும். நிபால்தோ நிற்கிறானா, தவழ்கிறானா, எதையாவது பிடித்து இழுக்கிறானா என்று குழாயின் இழுப்பை வைத்தே சொல்லிவிடுவாள். அவன் ஆழத்துக்குப் போய் வந்தால் குழாயைச் சுருட்டும்போது கடைசிப் பகுதி கையைச் சில்லிட வைக்கும். மேல் தண்ணீரில் வெயில் இருக்கும், பத்துப் பாகத்துக்கு, அதாவது பத்து ஆள் ஆழத்துக்குக் கீழே எப்போதும் பனிக்கட்டிதான். கையுறை போட்டுக்கொள் என்று நிபால்தோ பல தடவை சொல்லியிருக்கிறான். அவள் போடவில்லை, கையுறை போட்டால் பாதிச் செய்தி கைக்கு வராது.

ஆனால் ஒன்று. குளியாள் ஏறி வந்த பிறகு, கீழே என்ன பார்த்தாய் என்று குழாய் பிடித்தவர் கேட்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அவன் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கடலடியைப் பற்றி அங்கே போனவன் சொன்னதே முடிந்த பேச்சு. புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும் அதே கதைதான். இந்த வழக்கத்தைப் பெருமையாகப் பேசுகிறவர்களும் உண்டு. எனக்கு அது முட்டாள்தனமாகப் பட ஆரம்பித்தது இந்த விவகாரத்துக்குப் பிறகுதான்.

மூக்குப்பாறையிலிருந்து ஆற்று முகத்துவாரம் வரைக்கும் உள்ள கடல் எங்கள் மீனவர் சங்கத்துக்கு அரசாங்கம் விட்டது. அங்கே வேறு யாரும் லோக்கோ எடுக்கக் கூடாது. அதற்குப் பதிலாக வருஷத்துக்கு ஒரு முறை அந்தக் கடலை அளந்து காட்ட வேண்டும்: எங்கே பாறை, எங்கே மணல், எங்கே பாசிக்காடு, எத்தனை லோக்கோ, எத்தனை நீர்நாய். அளக்க வருகிறவள் பிலார். கடல் உயிர்களைப் பற்றிப் படித்தவள், நல்ல பெண், பச்சை மிளகாய்ச் சட்னியை எங்களைவிட அதிகமாகத் தின்பாள். அவள் தன் படகில் ஒலிக்கருவியை வைத்துக்கொண்டு மேலும் கீழும் உழுது கடலடியைப் படமாக்குவாள். லோக்கோவை எண்ணுவது எங்கள் குளியாட்கள். பிலார் மிதவை போட்டுக் காட்டிய புள்ளியில் இறங்கி, ஒரு கயிற்றை விரித்து, கயிற்றோடு சேர்த்து ஒரு இரும்புச் சட்டத்தை வைத்து, சட்டத்துக்குள் இருப்பதை எண்ணி, பிளாஸ்டிக் பலகையில் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

அந்த வருஷம் ஆழமான இடங்கள் இரண்டு படகுகளுக்கு வந்தன. ஒன்று நிபால்தோவின் படகு. இன்னொன்று சங்கத் தலைவர் பௌதீலியோவினுடையது. அவருக்குக் குழாய் பிடித்தவர் அவருடைய மச்சான், காது கொஞ்சம் மந்தமான டோன் கிரிஸ்பின். நீர்நாய்களை எண்ணும் வேலையை சபீனோவுக்குக் கொடுத்தார்கள். சபீனோ வடக்கிலிருந்து வந்து எங்கள் யெஸ்னாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவன். நல்ல குளியாள், வயசும் இருந்தது. ஆனால் வெளியூர்க்காரன். பாறையில் குந்தியிருந்து நீர்நாய் எண்ணட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவனும் முகம் சுளிக்காமல் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தான்.

அளவை நடந்த அன்று நிபால்தோவின் குழாய் நேராகக் கீழே போகவில்லை. நோல்ஃபா கவனித்தாள். மிதவைக்குப் பக்கத்தில் இறங்கியவன், கொஞ்ச நேரத்தில் கரைப் பக்கமாகப் படுக்கையாகப் போனான். அங்கேயே வெகுநேரம் இருந்தான். அவன் ஏறிய பிறகு குழாயைச் சுருட்டினாள். கடைசி வரைக்கும் சில்லிடவே இல்லை. நுனியில் அகலமான பாசி இலைத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பாசி ஆழத்தில் முளைக்காது. அடுத்த மிதவையிலும் அதே கதை, அதற்கடுத்ததிலும் அதேதான். அவள் இலையைக் கிள்ளிக் கடலில் எறிந்தாள். வழக்கம் வழக்கம்தானே, கேட்கவில்லை.

சில வாரங்கள் கழித்து பிலார் வரைபடத்தைக் கொண்டுவந்து சங்கக் கட்டடத்துச் சுவரில் மாட்டினாள். பாசிக்காடு பச்சை, மணல் பழுப்பு, லோக்கோ நிறைய இருக்கும் இடம் அடர் நீலம். போன வருஷம் ஆழத்தில் பட்டையாக நீலம் ஓடியது. இந்த வருஷம் அந்தப் பட்டை வெளிறிப் போய் மஞ்சளாக இருந்தது. சோகை பிடித்தவன் முகம் மாதிரி.

"இங்க கொறஞ்சிருக்கு, அத மட்டும்தான் நான் சொல்றேன்" என்றாள் பிலார். "ஏன் கொறஞ்சுதுன்னு படத்துக்குத் தெரியாது. ஆனா அடுத்த வருஷமும் இப்படியே இருந்தா, இந்தக் கடல உங்ககிட்ட விட்டு வைக்க மாட்டாங்க."

குறைந்திருக்கிறது என்று அவள் சொன்னாள். திருட்டு என்றுதான் எல்லார் காதிலும் விழுந்தது. முதலில் பழி நீர்நாய்மேல் விழுந்தது.

"எத்தன நீர்நாய் இருக்கு?" என்று கேட்டார் பௌதீலியோ.

"ஏழு" என்றான் சபீனோ பின்வரிசையிலிருந்து.

"ஏழு சேந்து அவ்வளவையும் தின்னுச்சா? வயிறு வெடிச்சிருக்குமே. தின்னா ஓட்டப் பாறையில போடும்ல, ஓடு எங்க?" பௌதீலியோ எல்லார் முகத்தையும் ஒரு தரம் பார்த்தார். "இது ரெண்டு கால் நீர்நாய்."

படுக்கையாகப் போன குழாயும் பாசி இலையும் நோல்ஃபாவின் மனசில் வந்து நின்றன. கரைப் பக்கம் பாறை விளிம்பில் ஒரு நீண்ட பிளவு உண்டு. முன்காலத்தில் திருடர்கள் லோக்கோவைச் சாக்கில் கட்டி அதற்குள் ஒளித்து வைத்துவிட்டு, பிறகு வந்து எடுத்துப் போவார்கள். நிபால்தோ போனது அந்தப் பக்கம்தான். யாராவது நம் படகைத் திரும்பிப் பார்ப்பதற்குள் வேறெங்காவது பார்க்க வைத்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. யோசித்துச் செய்ததில்லை. வாய் முந்திக்கொண்டது.

"அந்தப் பக்கம் காவல் யாரு?" என்றாள்.

அந்தப் பக்கம் காவல் யார் என்று கைக்குழந்தைக்குக் கூடத் தெரியும். திருடர் வராமல் அந்தக் கடலைப் பார்த்துக்கொள்வது சபீனோதான்.

பிறகு ஊரே கண் கொத்திப் பாம்பாக மாறியது. சபீனோ வீட்டுக் கூரையில் புதுத் தகரம் போட்டிருப்பது திடீரென்று எல்லார் கண்ணிலும் பட்டது. அது கோடைக்கு முன்பே போட்ட தகரம். அவன் ஈரச் சாக்கோடு மேட்டில் ஏறியதைப் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். காயப் போடுகிற பாசியைச் சுமக்காத ஆள் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவனைக் கண்டால் நாய்கள் குரைப்பதில்லை, அதுவும் ஒரு சாட்சியாம். ரொட்டிக் கடையில் யெஸ்னா நுழைந்தால் பேச்சு நிற்கும். அவள் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, கேட்டதை வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

சபீனோ நோல்ஃபாவைப் பெண்டாட்டியின் வழியில் அத்தை என்றுதான் கூப்பிடுவான். ஒரு நாள் படகுத் துறையில் எதிரே வந்தான்.

"என்ன சொல்லணுமோ என்கிட்டயே சொல்லியிருக்கலாமே, செஞ்ஞோரா" என்றான்.

அத்தை போய், வேற்றுப் பெண்களைக் கூப்பிடுகிற செஞ்ஞோரா வந்துவிட்டது. நோல்ஃபா கயிற்றுச் சிக்கலைப் பிரிப்பது போலக் குனிந்துகொண்டாள்.

திருட்டு என்று சங்கம் கை தூக்கி முடிவு செய்துவிட்டால் அந்த ஆள் வெளியே. அதோடு முடியாது, கரை நெடுகச் செய்தி போய்விடும், எந்த ஊரிலும் எந்தப் படகும் அவனை ஏற்றாது. சபீனோவைப் பற்றி முடிவெடுக்க ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று பௌதீலியோ அறிவித்தார்.

இதற்கிடையில் நோல்ஃபா தன் வீட்டுக்குள்ளேயே துப்பறிந்துகொண்டிருந்தாள். நிபால்தோவின் வலைப்பையை முகர்ந்து பார்த்தாள். படகின் அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தாள். அவன் சட்டையைத் துவைக்கும் சாக்கில் பையைத் துழாவினாள். ஒன்றும் சிக்கவில்லை, ஒன்றும் சிக்காததே அவளுக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. வியாழக்கிழமை தோறும் அவன் மோட்டார் சாமான் பார்க்கப் போகிறேன் என்று உள்நாட்டுப் பக்கம் லாரி ஏறிப் போவான். மோட்டார் இருந்தபடியே இருந்தது.

"என்ன சாமான், கிழவா?" என்று கேட்டாள்.

"வால்வு."

"போன வாரமும் வால்வுதான."

"இது வேற வால்வு, கிழவி."

அடுத்த வியாழக்கிழமை அவன் கிளம்பியதும் அவள் காய்கறி வண்டியைப் பிடித்து பின்னாலேயே போனாள். வண்டிக்காரனிடம் பல் வலி என்றாள். மலையடிவார ஊரில் அத்திமரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. வாசலில் குளிர்சாதனப் பெட்டி வைத்த வெள்ளை லாரி நின்றது. மீன் வியாபாரிகள் கொண்டுவருகிற லாரி. நோல்ஃபா அத்திமரத்தடியிலேயே நின்றுவிட்டாள். பிறகு கோபம் வந்தது. கோபம் வந்த பிறகு நன்றாகவே நடக்க முடிந்தது. கதவைத் தட்டாமல் தள்ளித் திறந்தாள்.

உள்ளே நிபால்தோ சட்டையில்லாமல் ஒரு பெஞ்சில் குப்புறப் படுத்திருந்தான். தடித்த பெண்பிள்ளை ஒருத்தி அவன் இடுப்பில் முழங்கையை ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தாள். மூலையில் லாரி ஓட்டுநர் கழுத்தில் சூடான துணியோடு தன் முறைக்காகக் காத்திருந்தான். எலும்பு தட்டிவிடும் வீடு அது.

"கதவ சாத்துங்கம்மா, காத்து வருது" என்றாள் அந்தப் பெண்பிள்ளை.

"சாக்கு எங்க?" என்றாள் நோல்ஃபா.

"எந்தச் சாக்கு?" என்றான் நிபால்தோ தலையைத் தூக்காமல்.

எழுந்து உட்கார அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. சட்டை போட்டான். சப்பாத்தைப் போடக் குனிந்தான், பாதி வழியில் நின்றுவிட்டான், மறுபடி குனிந்தான். கை கால்விரலை எட்டவில்லை. நோல்ஃபா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மண்டியிட்டு அவன் சப்பாத்தை மாட்டி நாடாவைக் கட்டினாள். வீட்டில் அவன் இத்தனை நாளும் நாடா கட்டாத ரப்பர் பூட்ஸோடு திரிந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

வண்டி வரும் வரை அத்திமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"செப்டம்பர்ல அழுத்தம் அடிச்சிருச்சு" என்றான் நிபால்தோ. ஆழத்தில் அதிகம் இருந்துவிட்டு அவசரமாக ஏறினால் உள்ளே போன காற்று மூட்டுகளில் தங்கிவிடும். அதைத்தான் அழுத்தம் அடித்தது என்போம்.

"வாதக் காத்துன்னு சொன்ன."

"சொன்னேன்."

"நானும் நம்பித் தொலைச்சேன்." ஊரில் யாரையும் நம்பாதவளுக்கு அதுதான் முதலில் சுட்டது.

"கடல் முள்ளெலி எடுக்க நாலு பாகம் போதும், அதுக்குத் தாங்குது. எட்டுப் பாகத்துக்குக் கீழ போனா இடுப்புல யாரோ திருப்புளி வச்சுத் திருகுற மாதிரி இருக்கு. அளவையன்னிக்கு முடியல, கிழவி. மேல பாறை விளிம்புல இருந்த கொஞ்சத்த எண்ணிட்டு, கீழ எண்ணுனதா எழுதிட்டேன். ஒண்ணும் எடுத்துட்டு வரப் போறதில்ல, வெறும் எண்ணிக்கைதான, யாருக்கு நஷ்டம்னு நெனச்சேன்."

"சபீனோவுக்கு."

"அது அப்பறம் வந்துது. அந்தப் பக்கம் காவல் யாருன்னு நானா கேட்டேன்?"

ரோட்டில் கழுதை ஒன்று போனது, நோல்ஃபா அதைப் பார்த்தாள்.

"அவன் சின்ன வயசு" என்றான் நிபால்தோ கொஞ்சம் இறங்கி. "எங்கயாவது பொழச்சுக்குவான். என் குளியாள் அட்டையப் பிடுங்கிட்டா நான் கரையில என்ன செய்வேன்? எனக்குத் தரையில நடக்கவே சரியா வராது."

"எங்கயும் ஏத்த மாட்டாங்க அவன. உனக்குத் தெரியும்."

"தெரியும்" என்றான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. அவளுக்கு அவன்மேல் பாவமாக இருந்தது, ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது. எதையும் செய்யாமல் அவனோடு வண்டியில் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நிற்க இடமில்லை. சுவரில் வரைபடம் அப்படியே தொங்கியது. பிலாரும் வந்திருந்தாள். சபீனோவை எழுந்து நிற்கச் சொன்னார் பௌதீலியோ.

"நான் நீர்நாய் எண்ணினேன். வேற எதையும் எடுக்கல" என்றான் சபீனோ. "எடுத்தேன்னு பாத்தவங்க யாராவது இருந்தா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் கை தூக்கச் சொன்னதும் கைகள் எழும்பின. ஒன்று எழும்பினால் பக்கத்துக் கையும் எழும்பும், சங்கக் கூட்டத்தில் அப்படித்தான். நோல்ஃபாவின் கையும் எழுந்தது. நிபால்தோ அவளைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"நோல்ஃபாவையும் சேத்துக்க" என்றார் பௌதீலியோ எண்ணுகிறவனிடம்.

"என்னச் சேக்காத. நான் பேசக் கை தூக்கினேன்." எழுந்து நின்றாள். "அளவையன்னிக்கு எங்க குழாய் சில்லிடாம ஏறுச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். குளியாட்கள் குடும்பங்கள் நிறைந்த அந்தக் கூடத்தில் அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எழும்பிய கைகள் எப்போது இறங்கின என்றே தெரியவில்லை.

பிலாரின் முகம் வெளுத்தது. "எந்தப் புள்ளியில?" என்று கேட்டாள்.

"ஆழப் புள்ளி எல்லாத்திலயும்."

நிபால்தோ மறுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான், முதல் தடவையாக எல்லார் முன்னாலும் நொண்டிக்கொண்டு நடந்தான். குளியாள் அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்தான். வெளியே போயிருக்கலாம், போகவில்லை. அதற்காக அவனை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

"சரி, ஒரு படகு தப்புப் பண்ணியிருக்கு" என்றார் பௌதீலியோ. "பட்டையில பாதி எங்க படகு எண்ணினது. அங்கயும் கொறஞ்சுதான இருக்கு? அப்ப திருட்டு நடந்ததுதான."

"எங்களுதும்" என்றது ஒரு குரல். டோன் கிரிஸ்பின்.

"மச்சான், நீங்க சும்மா இருங்க. இங்க என்ன பேசுறாங்கன்னு உங்களுக்குக் கேக்கல."

"காது கேக்கலன்னா கையும் மரத்துப் போச்சுன்னு நெனச்சியா? எங்களுதும் சில்லிடல. பாத்துட்டுத்தான் இருந்தேன்."

இத்தனை நாளும் ஊரெல்லாம் திருடனைத் தேடிக்கொண்டிருந்தது. திருடனே இல்லை என்பது இரண்டு குழாய் பிடிப்பவர்களின் கைக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசியது. பௌதீலியோ தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தார், எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி அதிலேயே உட்கார்ந்தார்.

ஆழப் புள்ளிகளைத் திரும்ப எண்ணியே ஆக வேண்டும் என்றாள் பிலார். யார் இறங்குவது? இருந்த குளியாட்களில் அந்த ஆழத்துக்கு உடம்பு தாங்குகிறவன் ஒருவன்தான். தலைகள் மெல்ல அவன் பக்கம் திரும்பின. வெட்கமில்லாத ஊர் நாங்கள், அன்றைக்கு அதுவும் தெரிந்துபோனது.

சபீனோ சிரித்தான். சந்தோஷமான சிரிப்பில்லை. "எறங்குறேன். இது என் கடலும்தான். ஆனா குழாய் யாரு பிடிக்கிறது?"

நோல்ஃபா முன்னே வந்தாள்.

"உங்கள நம்பி நான் ஒரு நாய்க்குட்டியக் கூடத் தண்ணியில விட மாட்டேன், செஞ்ஞோரா."

"நம்பாத" என்றாள் அவள். "நம்பச் சொல்லி நான் கேக்கல. உன் தலையில கல்லப் போட்டது நான்தான். ஆனா இந்தக் கரையில என்ன மாதிரி குழாய் பிடிக்க வேற ஆளில்ல. அது உனக்கும் தெரியும்."

அவன் யெஸ்னாவைப் பார்த்தான். யெஸ்னா குழந்தையைத் தட்டிக்கொண்டே இரண்டு பேரையும் மாறி மாறி அளந்தாள். பிறகு தோளைக் குலுக்கினாள்.

தெற்குக் காற்று அடங்கிய ஒரு காலையில் போனார்கள். பிலாரின் படகு கூடவே வந்தது. மூக்குப்பாறையில் தொப்பியோடு நிபால்தோ உட்கார்ந்திருந்தான். நீர்நாய் எண்ணுகிற வேலை இப்போது அவனுக்கு வந்திருந்தது. சபீனோ கம்ப்ரெஸரைத் தானே திறந்து பார்த்தான், எண்ணெயைப் பார்த்தான், குழாயை முழு நீளத்துக்கும் விரல்களால் தடவிப் பார்த்தான். நோல்ஃபா தள்ளி நின்று இடம் கொடுத்தாள். அவளே சரிபார்த்ததை இன்னொருவன் திரும்பச் சரிபார்ப்பது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவன் தொளதொளத்த பழைய சட்டையை ரப்பர் உடுப்புக்கு மேலே போட்டுக்கொண்டு இறங்கினான்.

குழாய் நேராகக் கீழே போனது. அவள் பாகம் பாகமாக விட்டாள். எட்டு, பத்து, அதற்கும் கீழே. இழுப்பு மெல்ல நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது, நின்றது. ஒரு மனிதன் சட்டத்தை வைத்து எண்ணுகிறான், மறுபடி வைத்து எண்ணுகிறான். கம்ப்ரெஸர் ஒரு தடவை லேசாக இருமியது. இந்த நிமிஷம் இது நின்றால் யாராவது இதை விபத்து என்று நம்புவார்களா என்று நினைத்தாள். நம்ப மாட்டார்கள். அவளே நம்பியிருக்க மாட்டாள். எரிபொருள் வால்வில் கையை வைத்துக்கொண்டு, அது மறுபடி சீராக ஓடும் வரை மூச்சு விடாமல் நின்றாள்.

அவன் அவசரப்படாமல், நின்று நின்று ஏறினான். குழாயைச் சுருட்டினாள். பாதிக்கு மேல் வந்ததும் விரல்கள் கடுக்க ஆரம்பித்தன. கடைசிச் சுற்றில் உள்ளங்கை மரத்துப் போயிற்று. அப்படியே அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"பாறை தெரியல" என்றான் சபீனோ பலகையை பிலாரிடம் நீட்டி. "அவ்வளவு ஒட்டிக் கெடக்கு. ஒருத்தரும் ஒண்ணும் எடுக்கல."

பிலார் பலகையைப் படித்துக்கொண்டே இருந்தாள். சபீனோ படகில் ஏறி உட்கார்ந்து ஈரச் சட்டையைக் கழற்றினான். சட்டைக்கு அடியில், வயிற்றோடு சேர்த்து, ஒரு சின்னக் காற்றுக் குடுவை கட்டியிருந்தது. ஆபத்துக்கு வைத்துக்கொள்கிற குடுவை, சோடா பாட்டிலை விடக் கொஞ்சம் பெரியது. மேலே இருப்பவள் காற்றை நிறுத்திவிட்டால் அதைக் கடித்துக்கொண்டு ஏறிவிடலாம்.

நோல்ஃபா பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். மறைக்கவில்லை.

"பிலார்கிட்ட வாங்கினேன்" என்றான்.

அவள் குழாயைக் கீழே வைத்தாள். வலித்தது, வலிக்க வேண்டியதுதான் என்றும் தோன்றியது. பக்கத்தில் வந்து குனிந்து, மரத்துப் போன விரலால் குடுவையின் அளவு முள்ளைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை பார்த்தாள்.

"இதுல பாதிதான் இருக்கு" என்றாள். "அந்த ஆழத்துக்கு இது காணாது. அடுத்த தடவ யாரு குடுத்தாலும் முள்ளப் பாத்து வாங்கு."

சபீனோ குனிந்து முள்ளைப் பார்த்தான். அவள் அடுத்த புள்ளிக்குக் குழாயை அவிழ்க்க ஆரம்பித்தாள்.